கிரகரி வாவியில் பிள்ளையோடு படகேறும் முன்

சித்திரை சீசனுக்கு நுவரெலியா போனால், கிரகரி வாவியில் ஒரு சுற்றுப் போகாமல் பிள்ளைகள் வீடு திரும்ப விடமாட்டார்கள். 1873இல், ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் உருவான வாவி இது. பார்க்கச் சாதுவாகத்தான் இருக்கும். ஆனால் ஊர் 1,800 மீட்டருக்கு மேலே, தண்ணீரோ ஜில்லென்று இருக்கும். குளிர்ந்த நீரில் திடீரென விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு தானாகவே திணறி வாங்கும். அப்போது வாய் நீருக்குள் இருந்தால், நீச்சல் தெரிந்தவரும் தடுமாறிப் போவார்.

படி 1: லைஃப் ஜக்கெட்டைக் கரையிலேயே சோதியுங்கள்

என் அக்கா மகளுக்கு அப்போது நாலு வயது. ஒரு படகுத்துறையில் பெரியவர்களுக்கான ஜக்கெட்டை மாட்டிவிட்டு, "இறுக்கிக் கட்டினா சரி அக்கா" என்றார்கள். கட்டினேன். தோள் பக்கம் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். ஜக்கெட் மட்டும் என் கையோடு வந்தது, பிள்ளை தரையில் நின்று சிரித்தது. அன்று அவித்த சோளம் தின்றுவிட்டுத் திரும்பினோம்.

நீங்களும் அப்படித் தூக்கிப் பாருங்கள். ஜக்கெட் நாடி, காது வரை ஏறினால் அது அந்தப் பிள்ளைக்கு ஆகாது. உள்ளே எத்தனை கிலோவுக்கு என்று எழுதியிருக்கும், அதையும் பாருங்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கால் இடுக்கு வழியாக வரும் பட்டியும், தலையைத் தாங்கும் கழுத்துப் பகுதியும் வேண்டும். குளிருக்குப் போட்ட தடித்த கோட்டைக் கழற்றி, மெல்லிய சுவெட்டருக்கு மேல் மாட்டுங்கள். காற்றடிக்கும் கைவளையம் விளையாட்டுச் சாமான், அதை நம்ப வேண்டாம். கைக்குழந்தைக்கு அளவான ஜக்கெட் இல்லையா? ஒருவர் குழந்தையோடு கரையில் இருக்கட்டும்.

அப்புறம், நீங்களும் போடுங்கள். இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

படி 2: காலையிலேயே போங்கள்

சித்திரையில் மத்தியானத்துக்குப் பிறகு இடியோடு மழை வரும், மூடுபனியும் இறங்கும். தண்ணீரில் இருக்கும்போது இடி கேட்டால், காசு போனால் போகட்டும், உடனே கரைக்குத் திரும்புங்கள்.

படி 3: ஏறுவதும் உட்காருவதும்

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படகில் கால் வைக்காதீர்கள். ஒருவர் முதலில் ஏறி உட்கார, மற்றவர் கரையிலிருந்து பிள்ளையைக் கொடுக்கட்டும். பிள்ளையை நடுவில் உட்காரவையுங்கள், முன்மூக்கில் வேண்டாம். அன்னப் படகில் மிதிப்பவருக்கு மிதிக்கவே நேரம் சரி. பிள்ளையைப் பார்க்க வேறொரு பெரியவர் வேண்டும்.

காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்கள் பக்கம் போகிறவர்கள் உள்ளூர்ப் படகோட்டியோடு மட்டும் போங்கள். மவுஸ்ஸாக்கலையில் பழைய மஸ்கெலியா நகரமே நீருக்கடியில் கிடக்கிறது. நீர் வற்றினால் பழைய கோயில் வெளியே தெரியும், பாதி வற்றினால் எது எங்கே இடிக்கும் என்று தெரியாது.

படி 4: விழுந்துவிட்டால்

முதலில் இஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தால் படகே கவிழும். குதிக்காமல் துடுப்பையோ சால்வையையோ நீட்டுங்கள். கரைக்கு வந்ததும் ஈர உடுப்பைக் கழற்றி, துடைத்து, கம்பளியில் சுற்றுங்கள். இருமல் நிற்காவிட்டாலோ, பிள்ளை சோர்ந்து தூங்கப் பார்த்தாலோ வீட்டுக்குப் போகாதீர்கள். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை.