கரடித் தலைத் தொப்பி: ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-ல் உங்கள் முதல் வேட்டை உடை

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 என்ற வீடியோ கேமை ஆடுபவர்கள் பகிரும் ஸ்கிரீன்ஷாட்களில் ஒன்று அடிக்கடி கண்ணில் படும். கதாநாயகன் ஆர்தர் மார்கன் குதிரை மேல் உட்கார்ந்திருப்பார், தலையில் ஒரு கரடியின் தலை. புதிதாக ஆட வந்தவர்கள் இதைப் பார்த்துவிட்டு, வேலன்டைன் ஊர்க் கடையில் தொப்பிப் பக்கத்தைப் புரட்டிப் புரட்டித் தேடுவார்கள். அங்கே கிடைக்காது. கரடியை நீங்களே வேட்டையாடி, தோலை டிராப்பரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். டிராப்பர் என்பவர் தோல் வாங்கி உடை தைத்து விற்கும் காட்டு வியாபாரி.

கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் கதையின் 2-ஆம் அத்தியாயத்திலேயே, கையில் பெரிதாகக் காசோ ஆயுதமோ இல்லாமலே முடித்துவிடலாம்.

படி 1: ஹோசியாவோடு கிளம்புங்கள்

ஆர்தரின் கூட்டத்து முகாம் ஹார்ஸ்ஷூ ஓவர்லுக் என்ற இடத்தில் இருக்கும்போது, கூட்டத்தின் மூத்தவரான ஹோசியாவின் குறி மேப்பில் தெரியும். அவரிடம் போய்ப் பேசுங்கள். ஒரு பெரிய ஷயர் குதிரையை வேலன்டைன் லாயத்தில் விற்கச் சொல்வார். அதை முடித்ததும் இருவரும் வடகிழக்கே, கிரிஸ்லிஸ் மலைப்பகுதியில் இருக்கும் ஓ'க்ரீஸ் ரன் ஏரிக்குப் போவீர்கள்.

வழியில் ஹோசியா நிறையப் பேசுவார். தயவுசெய்து ஸ்கிப் செய்யாதீர்கள். இந்த கேமின் நல்ல உரையாடல்களில் பாதி இப்படிக் குதிரை மேல் போகும்போதுதான் வரும்.

ஏரிக்கரையில் தடம் பார்ப்பது, இரை வைப்பது எல்லாம் அவரே சொல்லித் தருவார். கரடி வரும், பாய்ந்து மிரட்டும், ஓடிவிடும். அதன்பின் ஹோசியா ஒரு மேப்பைக் கொடுப்பார். லெஜண்டரி விலங்குகள், அதாவது ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்றுதான் உள்ள அபூர்வ விலங்குகள், எந்தெந்தப் பகுதியில் திரிகின்றன என்பது அதில் இருக்கும். மொத்தம் 16 விலங்குகள். நமக்கு இப்போது வேண்டியது ஒன்றே ஒன்று, அந்தக் கரடி.

படி 2: கரடியைத் தேடுதல்

மிஷன் முடிந்த கையோடு தொடரலாம், ஹோசியாவோடு முகாமுக்குத் திரும்பிப் பிறகும் வரலாம். முதல் முறை ஆடுபவராக இருந்தால் திரும்பிவிடுங்கள். வேலன்டைன் துப்பாக்கிக் கடையில் ஸ்பிரிங்ஃபீல்ட் ரைஃபிளும் கொஞ்சம் தோட்டாவும், வழியில் இரண்டு பாட்டில் ஸ்னேக் ஆயிலும் வாங்கிக்கொண்டு வந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. ஸ்னேக் ஆயில் குடித்தால் டெட் ஐ, அதாவது நேரத்தை மெதுவாக்கிக் குறிபார்க்கும் திறனின் மீட்டர் நிரம்பும்.

ஏரிக்குப் பக்கத்தில் வந்ததும், லெஜண்டரி விலங்கின் பகுதிக்குள் நுழைந்துவிட்டீர்கள் என்று திரையில் தகவல் வரும். இங்கே கொஞ்சம் நில்லுங்கள், ஏனென்றால் எல்லோரும் வாங்கிக் கட்டிக்கொள்ளும் இடம் இதுதான். குதிரையை விட்டு இறங்கும்போது பெரிய துப்பாக்கிகள் சேணத்திலேயே தங்கிவிடும். ஆர்தர் இடுப்பில் ரிவால்வர் மட்டும்தான் இருக்கும். நான் முதல் முறை போனபோது கரடி பாய்ந்து வருகிறது, ஆயுதச் சக்கரத்தைத் திறக்கிறேன், ரைஃபிள் இல்லை. அது நூறடி தள்ளி, மிரண்டு ஓடிய குதிரையின் முதுகில். அடுத்த நொடி திரை மங்கிவிட்டது. ஆகவே இறங்குமுன் அல்லது குதிரை பக்கத்தில் நிற்கும்போதே ஆயுதச் சக்கரத்தைத் திறந்து, ரைஃபிளைத் தேர்ந்தெடுத்துத் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம் குதிரையைச் சற்றுத் தொலைவிலேயே விடுங்கள். கரடி வாடை பட்டால் அது உங்களைக் கீழே தள்ளிவிட்டு ஓடும்.

இனி தடயம். கண்ட்ரோலரில் இரண்டு ஸ்டிக்கையும் ஒன்றாக அழுத்தினால் ஈகிள் ஐ எனப்படும் தடம் பார்க்கும் பார்வை திறக்கும். உலகம் சாம்பல் நிறமாகி, தடயம் இருக்கும் இடம் மட்டும் புகை போல ஒளிரும். பக்கத்தில் போய் ஆராயுங்கள். ஆராய்ந்ததும் அடுத்த தடயத்தை நோக்கித் தடம் நீளும். இப்படி மூன்று பார்த்து முடித்தால் கரடி அருகில்தான் இருக்கிறது என்று அர்த்தம். மூன்றாவது தடயத்தை ஆராயும் முன்பே துப்பாக்கியில் தோட்டா நிரம்பியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

படி 3: சுடுதல், உரித்தல்

கரடி நேராக உங்கள் மேல்தான் வரும். ஓடாதீர்கள், ஓடி ஜெயிக்க முடியாது. குறிவைத்து டெட் ஐ-ஐப் போடுங்கள், நேரம் மெதுவாகும், தலையில் சுடுங்கள். ஒரே குண்டில் விழும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

சாதாரண மான், முயலுக்குத் தவறான ஆயுதம் எடுத்தால் தோலின் தரம் கெட்டுப்போகும். லெஜண்டரி விலங்குக்கு அந்தக் கவலை இல்லை. ரைஃபிள், ஷாட்கன் எதில் அடித்தாலும் தோல் முழுசாகவே கிடைக்கும். விழுந்ததும் உரித்து, சுருட்டிய தோலைக் குதிரையின் பின்பக்கம் ஏற்றுங்கள். பெரிய தோல், ஒன்றுக்குத்தான் இடம்.

போகிற வழியில் கொள்ளைக்காரன் சுட்டுவிட்டால்? குதிரை ஆற்றில் அடித்துப் போனால்? பயப்பட வேண்டாம். லெஜண்டரி தோல் தொலைந்தாலும் அது தானாக டிராப்பரிடம் போய்ச் சேர்ந்துவிடும். இந்தச் சலுகை சாதாரணத் தோலுக்குக் கிடையாது.

ஏரியை விட்டுக் கிளம்புமுன் ஒரு விஷயம். அங்கே குடிசை போட்டு ஹேமிஷ் என்ற ஒற்றைக்கால் முன்னாள் சிப்பாய் இருக்கிறார். அவரோடு வரும் மிஷன்களை விட்டுவிடாதீர்கள். இதற்கு மேல் சொன்னால் சுவை போய்விடும்.

படி 4: டிராப்பரிடம்

மேப்பில் சில இடங்களில் டிராப்பர் இருப்பார். செயின்ட் டெனிஸ் நகரச் சந்தையில் ஒருவர், ரிக்ஸ் ஸ்டேஷன் பக்கம் ஒருவர். எங்கே கொடுத்தாலும் கணக்கு ஒன்றுதான். முதலில் தோலை அவரிடம் விற்க வேண்டும். விற்றால்தான் அது தைக்கும் பொருளாக அவரிடம் சேரும். அதன்பின் அவர் பட்டியலில் தொப்பிப் பகுதிக்குப் போனால் கரடித் தலைத் தொப்பி திறந்திருக்கும். கூலி தனி, அதை மெனுவிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

தொப்பியோடு நிறுத்தலாம். பலர் நிறுத்துவதில்லை. டிராப்பரின் பட்டியலில் முழு செட்டாகவே உடைகள் இருக்கும்: கோட்டு, கையுறை, பூட்ஸ், கால்மறைப்பு. ஒவ்வொன்றுக்கும் எந்த விலங்கின் தோல் எத்தனை என்று பக்கத்திலேயே காட்டும். லெஜண்டரி தோலோடு சாதாரண விலங்குகளின் பெர்ஃபெக்ட் தோலும் கேட்கும். உண்மையான வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பெர்ஃபெக்ட் தோலுக்கு மூன்று நட்சத்திர விலங்கு வேண்டும். பைனாகுலரில் பார்த்து ஆராய்ந்தால் நட்சத்திரம் தெரியும். இரண்டு என்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததைத் தேடுங்கள். மானுக்கு வில், முயல் மாதிரிச் சின்னதற்கு வார்மின்ட் ரைஃபிள். ஸ்ட்ராபெரி ஊருக்கு வடமேற்கே, மவுண்ட் ஷான் பக்கம் திரியும் லெஜண்டரி கலைமானை முதலில் பிடித்துவிட்டால் இன்னும் நல்லது. அதன் கொம்பை ஃபென்ஸ் எனப்படும் திருட்டுப் பொருள் வியாபாரியிடம் கொடுத்து ஒரு தாயத்து செய்துகொள்ளலாம். அதன்பின் நல்ல தரத் தோல் கிடைக்கும் வாய்ப்பு கூடும். என்னைக் கேட்டால் கரடிக்கு அடுத்து இதுதான்.

இன்னொன்று, பெர்ஃபெக்ட் தோலை ஞாபகமறதியில் முகாம் சமையல்காரர் பியர்சனிடம் கொடுத்துவிடாதீர்கள். அவர் பை தைக்கவும் முகாமை அலங்கரிக்கவும் எடுத்துக்கொள்வார், டிராப்பர் கணக்கில் ஏறாது. நான் அப்படி ஒரு காட்டெருமைத் தோலை இழந்திருக்கிறேன்.

எல்லா லெஜண்டரி விலங்கையும் இப்போதே பிடிக்கலாம் என்று நினைத்து நியூ ஆஸ்டின் பக்கம் மட்டும் போகாதீர்கள். எங்கிருந்து வருகிறது என்றே தெரியாத குண்டு ஆர்தரைச் சாய்த்துவிடும். அங்கே இருப்பவை கதை முடிந்த பின் வரும் எபிலாக் பகுதியில்தான் கிடைக்கும்.

தொப்பியை மாட்டிக்கொண்டு சலூனில் அடிதடிக்கு இறங்கினால் அது முதல் குத்திலேயே பறந்துவிடும். கூட்டத்தில் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். குதிரையிடம் போய் உடைப் பட்டியலைத் திறந்தால் அங்கிருந்தே மறுபடி எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.