பசிபிக் தீவுகளின் புற்றுநோய் வீதங்களை ஒப்பிடும் முறை

கொழும்பில் பொதுச் சுகாதாரம் படிப்பவர்கள் ஒப்பீட்டுப் பயிற்சிக்குப் பசிபிக் தீவுகளை எடுப்பது நல்ல தெரிவு. பாக்கும் சுண்ணாம்பும் நமக்கும் பப்புவா நியூகினிக்கும் பொது. வாய்ப் புற்றுநோய் இரண்டு இடத்துக்கும் பெருஞ்சுமை. ஆனால் இரண்டு தீவுகளின் எண்களை எடுத்த எடுப்பில் அருகருகே வைத்து, இங்கே கூட, அங்கே குறைவு என்று எழுதிவிடாதீர்கள்.

முதலில், அந்த எண் எண்ணப்பட்டதா, மதிப்பிடப்பட்டதா என்று பாருங்கள். பிரான்சின் லியோனில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் உலக நாடுகளுக்கு வெளியிடும் குளோபோகான் மதிப்பீட்டில், நல்ல புற்றுநோய்ப் பதிவேடு இல்லாத நாடுகளுக்கு அயல் நாடுகளின் வீதங்களிலிருந்து கணித்த எண்ணும் வரும். அப்படிப்பட்ட இரண்டு அயல் தீவுகளை ஒப்பிட்டால் ஒரே மதிப்பீட்டை அதனுடனேயே ஒப்பிட்டதாக முடியலாம். முறைக் குறிப்பில் அந்த நாட்டின் வரியைப் படிக்காமல் மேலே போக வேண்டாம்.

அடுத்தது வயது. சொலமன் தீவுகளின் சனத்தொகை இளையது, ஹவாயினது முதியது. ஆகவே வயதைப் பாராமல் மொத்த நோயாளரை மொத்தச் சனத்தொகையால் வகுத்த பச்சை வீதம் உதவாது. ஐந்தைந்து வயதாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியிலும் நோயாளர் எண்ணிக்கையை ஆள்-ஆண்டுகளால் (சனத்தொகை பெருக்கல் ஆண்டுகள்) வகுத்து, ஒப்பீட்டுக்கென வகுத்த பொது அளவுகோலான செகி உலக நியமச் சனத்தொகையின் நிறையால் பெருக்குங்கள். நிறைகள் இவை: 0–4க்கு 12,000, 5–9க்கு 10,000, 10–14, 15–19க்குத் தலா 9,000, 20–24, 25–29க்குத் தலா 8,000, 30 முதல் 49 வரையான நான்கு தொகுதிகளுக்கும் தலா 6,000, 50–54க்கு 5,000, 55–59, 60–64க்குத் தலா 4,000, 65–69க்கு 3,000, 70–74க்கு 2,000, 75உம் அதற்கு மேலும் 2,000. எக்செல்லில் நிறை நிரலின் கூட்டுத்தொகை சரியாக 1,00,000 வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ஒரு தொகுதி விடுபட்டிருக்கிறது. பெருக்கங்களைக் கூட்டினால் கிடைப்பதே இலட்சம் பேருக்கான வயது நியமப்படுத்திய வீதம்.

அதிகம் வழுக்கும் இடம் இதுதான். ஹவாய், குவாம் அறிக்கைகள் வழமையாக அமெரிக்காவின் 2000ஆம் ஆண்டு நியமச் சனத்தொகையைப் பயன்படுத்துகின்றன. அதில் முதியோரின் பங்கு கூட என்பதால் அதே நோயாளர்களுக்கு எண் பெரிதாக வரும். அதைப் பிஜியின் குளோபோகான் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்தால் இல்லாத வித்தியாசம் ஒன்று முளைக்கும். வயதுவாரி எண்களை எடுத்து நீங்களே மறுபடி கணியுங்கள்.

மூன்றாவது, சிறிய எண்ணிக்கை. துவாலுவில் ஏறத்தாழ 11,000 பேர். அங்கே ஒரு நோயாளர் கூடினாலே ஆண்டு வீதம் இலட்சத்துக்கு 9 ஏறும். அதனால் குறைந்தது ஐந்து ஆண்டுகளைச் சேருங்கள். ஐந்து ஆண்டில் 5 பேர் என்று வைத்துக்கொண்டால் ஆள்-ஆண்டு 55,000, பச்சை வீதம் 9.1. 5 என்ற எண்ணிக்கைக்கு, அரிய நிகழ்வுகளுக்கான புவாசோன் முறைப்படி, தற்செயல் ஏற்றத்தாழ்வைக் காட்டும் 95% நம்பிக்கை ஆயிடை 1.62 முதல் 11.67 வரை, வீதமாக்கினால் 2.9 முதல் 21.2 வரை. இவ்வளவு அகலமான ஆயிடையை மறைத்துவிட்டுத் தீவுகளை வரிசைப்படுத்துவது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம்.

வாய்ப் புற்றுநோயில் சர்வதேச நோய் வகைப்பாட்டுக் குறியீட்டையும் ஒத்துப் பாருங்கள். சி00 முதல் சி06 வரை உதடும் வாய்க்குழியும். சி14 வரை போனால் தொண்டையும் சேரும். ஒரு அட்டவணை குறுகியதும் மற்றது விரிந்ததுமாக இருந்தால் ஒப்பீடே இல்லை. வாயின் எந்த இடம் என்ற உப தளங்கள் கிடைத்தால் இன்னும் நல்லது: பப்புவா நியூகினியில் சுண்ணாம்புத் தூளை நேரே கன்னத்தின் உட்புறத்தில் வைப்பார்கள், கட்டியும் பெரும்பாலும் அங்கேயே வரும். அங்கே பாக்கோடு மெல்லுவது பெரும்பாலும் வெற்றிலைக் கொடியின் பூந்தண்டு. புகையிலை சேர்ப்பது நம்மூர் அளவுக்கு வழக்கமில்லை. புற்றுநோய்க்குப் பாக்கு மட்டுமே போதும் என்பதை லியோன் முகவரகம் 2004இல் அதை முதலாம் குழுவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றில், வைத்தே சொல்லிவிட்டது.

தைரொயிட் புற்றுநோயில் அணு வெடிப்பே காரணம் என்று அவசரப்பட வேண்டாம். மார்ஷல் தீவுகளில் 1946–1958 காலத்தில் அமெரிக்கா 67 அணு வெடிப்புகளை நடத்தியது. 1954 மார்ச் 1 வெடிப்பின் சாம்பல் அங்குள்ள றொங்கலப் தீவு மக்கள்மேல் விழுந்தது, பின்னாளில் அவர்களுக்குத் தைரொயிட் கட்டிகள் வந்தன. பிரெஞ்சு பொலினீசியாவில் 1966 முதல் 1996 வரை பிரான்சின் வெடிப்புகள். ஆனால் வெடிப்பே நடக்காத நியூ கலிடோனியாவிலும் மெலனீசியப் பெண்களிடம் இந்த வீதம் மிக உயர்வு. எனவே கட்டியின் பருமன், ஸ்கான் வசதி, இறப்பு வீதம் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். நிகழ்வு ஏறி இறப்பு அசையாமல் இருந்தால், தேடிக் கண்டுபிடித்த சிறு கட்டிகள் அதில் நிறைய இருக்கக்கூடும்.

கடைசியாக முகவரி. மகரகமப் புற்றுநோய் மருத்துவமனைக்குச் சிகிச்சைக்கு வரும் யாழ்ப்பாணத்து நோயாளி, தங்கியிருக்கும் வெள்ளவத்தை உறவினர் வீட்டு விலாசத்தைக் கொடுத்தால் கொழும்பு மாவட்டத்தின் வீதம் ஏறும். நியுவே, குக் தீவுகளில் நடப்பது இதன் மறுபக்கம்: அவர்கள் நியூசிலாந்துப் பிரஜைகள், அங்கே போய் அங்கேயே பதிவாகிவிடலாம், தீவின் எண் குறையும். நோய் கண்டறியும் முன் வழமையாக வசித்த இடத்தைப் பதிவேடு கேட்கிறதா என்று விசாரியுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்டோர் பட்டியலைக் கேட்டு வாங்கி, பெயரோடு பிறந்த திகதியையும் வைத்து இரட்டைப் பதிவுகளை நீக்கிய பிறகே நோயாளர் எண்ணிக்கையை இறுதியாக்குங்கள்.