‘டிசென்ஃப்ரான்சைஸ்’: பிழைவிடாமல் எழுதுவது எப்படி?

அகராதியில் இந்த ஆங்கில வினைச்சொல்லுக்கு (disenfranchise) ‘வாக்குரிமையைப் பறி’ என்றிருக்கும். பொருள் சரிதான். அதை அப்படியே வைத்து ஆங்கில வசனம் எழுதப் போனால்தான் பிழை வரும்.

முதலில் சொல்லை உடையுங்கள். நடுவில் இருப்பது ‘ஃப்ரான்சைஸ்’, வாக்குரிமை. (கடைக்காரர் பெயரைக் குத்தகைக்குக் கொடுப்பதும் இதே சொல்தான், இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.) 1931இல் இலங்கைக்குக் கிடைத்த சர்வசன வாக்குரிமை ‘யுனிவர்சல் ஃப்ரான்சைஸ்’. முன்னால் ‘என்’ வந்தால் கொடுப்பது, அதற்கும் முன்னால் ‘டிஸ்’ வந்தால் பறிப்பது. அழுத்தம் ‘ஃப்ரான்’ மேல். கடைசியில் ‘இசட்’ ஒலித்தாலும் எழுதுவது ‘எஸ்’, அமெரிக்கரும் அப்படித்தான்.

அடுத்தது செயப்படுபொருள். முக்கால்வாசிப் பேர் சறுக்குவது இங்கே. தமிழில் நாம் உரிமையைப் பறிக்கிறோம். ஆங்கிலச் சொல்லுக்குள் உரிமை ஏற்கெனவே இருக்கிறது, பின்னால் ஆள்தான் வரவேண்டும். ‘தே டிசென்ஃப்ரான்சைஸ்ட் அஸ்’ சரி. ‘அஸ்’ இருக்கும் இடத்தில் ‘அவர் வோட்’ (எங்கள் வாக்கு) என்று முடித்தால், வாக்கினுடைய வாக்குரிமையைப் பறித்ததாகிவிடும்.

எழுவாயிலும் கவனம் வேண்டும். வவுனியா, கிளிநொச்சியில் குடியேறிய மலையகக் குடும்பங்களின் (இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின்) கதையை எழுதும்போது பலரும் 1948 குடியுரிமைச் சட்டத்தை எழுவாயாக்குகிறார்கள். அது பறித்தது குடியுரிமையை. பிரசைகளுக்கே வாக்கு என்று ஆக்கியது 1949இன் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம். இந்த வினைக்கு அதுதான் பொருத்தமான எழுவாய்.

சட்டம் பறிக்காமலே வாக்கு போவதும் உண்டு. முல்லைத்தீவிலிருந்து இடம்பெயர்ந்ததால் வாக்காளர் இடாப்பில் பெயர் விடுபட்டவர்களைச் சொல்ல, செயப்பாட்டு வினையில் ‘எஃபெக்டிவ்லி’ சேருங்கள்: ‘தே வேர் எஃபெக்டிவ்லி டிசென்ஃப்ரான்சைஸ்ட்’. நடைமுறையில் பறிபோனது என்று அர்த்தம். வெயிலுக்குப் பயந்து வாக்குச்சாவடிக்குப் போகாதவருக்கு இந்தச் சொல் கிடையாது.

பெயரடையாகும்போது பொருள் விரியும். முத்தையன்கட்டுக் குளத்து வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருக்கும் கமக்காரரின் பேச்சு சிறுபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் எடுபடாவிட்டால், ‘தே ஃபீல் டிசென்ஃப்ரான்சைஸ்ட்’ எனலாம். அவர்களிடம் வாக்கு இருக்கிறது, செல்வாக்கு இல்லை. தேர்தல் பற்றிய கட்டுரையில் இந்தப் பொருளைக் கலக்காமல் விடுவது நல்லது, வாசிப்பவர் குழம்புவார்.

பெயர்ச்சொல்லுக்கு ‘மென்ட்’ சேர்த்து ‘ஒஃப்’ போடுங்கள். அதற்குப் பின்னாலும் ஆட்கள்தான்.