பிளாக் கிராக் என்றதும் காயலான் கடைக்கு எடை போட்டுவிடாதீர்கள்

சேற்றுழவு நடக்கும்போது டிராக்டர் சூடேறி நிற்கும். டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் மோர் மாதிரி வெளுத்திருக்கும். பட்டறைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "பிளாக் போயிருச்சுண்ணே, வேற போட்டுக்கலாம்" என்பார். இன்ஜினின் சிலிண்டர்கள் அமைந்த உடல்தான் பிளாக்; அதில் விரிசல் விழுந்துவிட்டது என்கிறார். அந்த ஒரு சொல்லை நம்பி அட்வான்ஸ் கொடுப்பதுதான் முதல் தவறு.

ஆயிலில் தண்ணீர் கலக்கப் பல வழிகள் உண்டு. பிளாக்கின் மேல் மூடியான ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். ஹெட்டிலேயே கிராக் இருக்கலாம். வெட் லைனர் (பிளாக்குக்குள் தனியாக இறக்கிய, வெளிப்புறம் தண்ணீர் தொடும் சிலிண்டர் குழாய்) வைத்த இன்ஜின் என்றால் லைனரின் அடியில் இருக்கும் ரப்பர் ஓ-ரிங் இற்றுப்போயிருக்கலாம், அல்லது லைனரின் வெளிப்புறம் அரித்து ஊசித்துளை விழுந்திருக்கலாம். எங்கள் சித்தப்பா வண்டிக்கும் பிளாக் என்றுதான் சொன்னார்கள். அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பைக் கழற்றி, ரேடியேட்டர் வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து, அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தபோது இரண்டாவது லைனரின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக நீர் இறங்கியது. ஓ-ரிங் மாற்றியதோடு வேலை முடிந்தது.

கிராக்தான் என்று உறுதியாக வேண்டுமானால் பிளாக்கை முழுக்கப் பிரித்து, தண்ணீர் வழிகளைத் தகடு வைத்து அடைத்து, காற்றழுத்தம் ஏற்றி வெந்நீரில் முக்க வேண்டும். வெந்நீர் ஏன் என்றால், சில விரிசல்கள் இரும்பு சூடாகும்போதுதான் வாய் திறக்கும். சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, மேலே வெள்ளைப் பொடி ஸ்பிரே அடித்தால் விரிசல் எதுவரை ஓடுகிறது என்பது கோடாகத் தெரியும். வெறுங்கண்ணுக்கு இரண்டு அங்குலமாகத் தெரிவது இதில் ஐந்து அங்குலம் போயிருப்பதும் உண்டு.

அடுத்த தவறு, விரிசல் எங்கே விட்டிருக்கிறது என்று பார்க்காமல் விலை பேசுவது. பிளாக்கின் வெளிப்பக்கச் சுவரில் விரிசல் என்றால் அந்தச் சுவர் பெரும்பாலும் தண்ணீரைத் தாங்குவதோடு சரி. அதைச் சரிசெய்து ஓட்டலாம். பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் உட்காரும் மெயின் பேரிங் இருக்கையிலோ அதைத் தாங்கும் நடுச்சுவரிலோ விட்டிருந்தால், ஒவ்வொரு முறை சிலிண்டருக்குள் டீசல் வெடிக்கும்போதும் அந்த இடம் அடி வாங்கும். அங்கே ஒட்டுப்போட யார் முன்வந்தாலும் நான் வேண்டாம் என்பேன். டிராக்டரில் இன்னொரு சங்கதி இருக்கிறது. காரில் இன்ஜின் சேஸிஸ் என்ற சட்டகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். பெரும்பாலான டிராக்டர்களில் இன்ஜின்தான் சேஸிஸ். முன் ஆக்சில் ஒருபுறம், கியர்பாக்ஸ் மறுபுறம் என்று பிளாக்கிலேயே போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். அந்த போல்ட் காதுகளின் அருகே விட்டிருந்தால் அது நீர்க்கசிவுப் பிரச்சினை இல்லை, வண்டியின் முதுகெலும்புப் பிரச்சினை.

வெல்டிங் விஷயத்தில்தான் அதிகப் பணம் வீணாகிறது. பிளாக் வார்ப்பிரும்பு. அதில் கார்பன் அதிகம். இரும்பு கேட்டுக்கு வெல்டு வைப்பதுபோல் சாதாரண ராடை எடுத்து இழுத்தால், உருகிய இடம் சட்டென்று குளிர்ந்து கண்ணாடி மாதிரி உடையும் தன்மைக்கு வந்துவிடும். வெல்டு நன்றாகத்தான் நிற்கும், அதன் ஓரத்தில் புதிதாக ஒரு விரிசல் ஓடும். ஒழுங்காகச் செய்பவர் முதலில் விரிசலின் இரு முனைகளிலும் துளை போட்டு அது மேலே ஓடாமல் நிறுத்துவார். நிக்கல் ராடு எடுப்பார். பிளாக்கையே உலையில் 500 டிகிரிக்கு மேல் சூடேற்றி வெல்டு வைத்து, சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிடுவார். அல்லது சூடேற்றாமல், ஓர் அங்குலம் வைத்து, சுத்தியலால் தட்டி, கை வைக்கும் சூட்டுக்கு வந்த பிறகு அடுத்த அங்குலம் போவார். அரை மணியில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

சூடே இல்லாத வழியும் உண்டு: மெட்டல் ஸ்டிச்சிங். விரிசல் நெடுக ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி துளையிட்டு, மரை போட்ட பின்களை முடுக்கி, குறுக்கே பூட்டுத் தகடுகளை இறக்கித் தைப்பார்கள். அமெரிக்காவில் டாட்ஜ் ராம் வண்டிகளில் வந்த கம்மின்ஸ் 5.9 லிட்டர் டீசல் இன்ஜினில் '53' என்று எண் வார்த்த பிளாக்குகள் பக்கச் சுவரில் விரிசல் விடுவதற்குப் பேர் போனவை. அவற்றில் பலவற்றை இப்படித் தைத்துத்தான் ஓட்டுகிறார்கள். நம் பக்கம் இந்த வேலை தெரிந்தவர் கிடைத்தால் வெல்டிங்குக்கு முன் இதைக் கேளுங்கள்.

எம்-சீல் அப்புவது, ரேடியேட்டரில் மஞ்சள்தூள் கொட்டுவது எல்லாம் வண்டியை வயலிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர உதவலாம். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அடைக்கும் பொடி ரேடியேட்டர் குழாயையும் சேர்த்தே அடைக்கும்.

இன்னொரு தவறு, விரிசல் எதனால் விட்டது என்று தேடாமல் பிளாக்கை மட்டும் மாற்றுவது. ரேடியேட்டர் இதழ்களில் சேறும் வைக்கோலும் அடைத்திருந்தால் புது பிளாக்கும் அதே கதிதான். "நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு" என்று, இன்ஜின் தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிகிற பழக்கம் வேறு. கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதை யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் எல்லாரும் செய்கிறோம். பட்டறையிலும் ஒன்றைக் கவனியுங்கள்: ஹெட் போல்ட் இறங்கும் துளையில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருக்க, அப்படியே முடுக்கினால், அந்தத் திரவம் ஒதுங்க இடமில்லாமல் அடியிலேயே பிளாக்கைப் பிளக்கும்.

மாற்றுவதுதான் என்று முடிவானால், செகண்ட் ஹேண்ட் பிளாக்கையும் வெந்நீரில் சோதித்த பிறகே பணம் கொடுங்கள். கிராங்க் ஷாஃப்டை பிளாக்கோடு சேர்த்துப் பிடிக்கும் மெயின் பேரிங் தொப்பிகள் அந்த பிளாக்கோடு வந்தவையாக இருக்க வேண்டும். பிளாக்கும் தொப்பியும் சேர்த்தே கடைந்தவை, பழையதைக் கழற்றி இதில் போட்டால் கிராங்க் இறுகும். பில் இல்லாமல் வாங்காதீர்கள், சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையாக இருந்தாலும் சரி, உங்கள் ஊர்ச் சந்தாக இருந்தாலும் சரி. இன்ஜின் நம்பர் பிளாக்கில்தான் பொறித்திருக்கும். ஆர்சியில் இருக்கும் எண்ணும் வண்டியில் இருக்கும் எண்ணும் வேறானால் விற்கும்போதும் இன்ஷூரன்ஸ் கேட்கும்போதும் மாட்டிக்கொள்வீர்கள். அதனால் ஆர்டிஓ அலுவலகத்தில் மாற்றத்தைப் பதிந்துவிடுங்கள். அதுவரை பழைய பிளாக் கொல்லையிலேயே கிடக்கட்டும்.