டர்பன்–ஜொகன்னஸ்பர்க் ஏ320: வீட்டு சிமுலேட்டரில் எங்கே சிக்கும், ஏன் சிக்கும்

ஏர்பஸ் ஏ320 விமானம் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று தோன்றும்போது, அது வேறு யாரோ சொன்னதைத்தான் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருக்கும். அந்த ‘யாரோ’ ஜாய்ஸ்டிக்கில் நடுங்கும் ஓர் அச்சாக இருக்கலாம், சிமுலேட்டரே தரும் ஓர் ‘உதவி’யாக இருக்கலாம், அரை மணி நேரத்துக்கு முன் நீங்களே எம்.சி.டி.யு.வில் (பயணத் திட்டத்தைத் தட்டும் விசைப்பலகைத் திரை) தட்டிய ஓர் எண்ணாகவும் இருக்கலாம். ஆகவே மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் விமானிக்கு நேர் எதிரே இருக்கும் பி.எஃப்.டி. திரையின் உச்சியில், ஆட்டோபைலட் முறைகளைக் காட்டும் எஃப்.எம்.ஏ. வரியைப் படியுங்கள். விமானம் இப்போது என்ன செய்கிறது என்பது பச்சையிலும், அடுத்து எதற்குக் காத்திருக்கிறது என்பது நீலத்திலும் அங்கே இருக்கும்.

இந்த வழிகாட்டி மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் ஓடும் ஃப்ளைபைவயர் ஏ32என்எக்ஸை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இலவசம், தரமும் குறைவில்லை. ஃபீனிக்ஸ், டோலிஸ் விமானங்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். பாதை, டர்பனின் கிங் ஷாகா விமான நிலையத்திலிருந்து ஜொகன்னஸ்பர்க்கின் ஓ.ஆர். டாம்போ. தூரம் சுமார் 260 கடல் மைல்தான். ஆனால் கடல் மட்டத்தை ஒட்டிய ஓடுபாதையிலிருந்து 5,558 அடி உயரத்தில் இருக்கும் ஓடுபாதைக்குப் போகிறோம். ஐரோப்பியப் பாடக் காணொளிகளைப் பார்த்துப் பழகியவர்கள் தடுமாறுவது இந்த உயரத்தில்தான்.

கிளம்பும் முன்

கட்டுப்பாட்டு அமைப்பில் ஜாய்ஸ்டிக்குக்கு வெற்று ப்ரொஃபைல் ஒன்றை உருவாக்கி, வேண்டியதை மட்டும் ஒவ்வொன்றாகச் சேருங்கள். புதிதாகச் செருகும் எந்தக் கருவிக்கும் சிமுலேட்டர் தானாகவே சில பொத்தான்களையும் அச்சுகளையும் ஒதுக்கிவிடும். மூலையில் கிடக்கும் கேம்பேடும் ஜாய்ஸ்டிக்கும் ஒரே ரடர் அச்சைப் பிடித்து இழுத்தால், ஓடுபாதையில் விமானம் தானாக ஒரு பக்கம் போகும். பிச், ரோல் அச்சுகளுக்கு 3 முதல் 5 சதவீதம் டெட்ஸோன் (அசைவைக் கண்டுகொள்ளாத நடுப்பகுதி) கொடுங்கள். ஆட்டோபைலட் ஓடும்போது சைட்ஸ்டிக்கை ஓர் அளவுக்கு மேல் அசைத்தால் அது விடுபட்டுவிடும். உண்மை விமானத்திலும் அப்படித்தான். தேய்ந்த பொட்டென்ஷியோமீட்டர் உள்ள மலிவு ஜாய்ஸ்டிக் அந்த அசைவை யாரும் தொடாமலே தரும். ‘காரணமில்லாமல் ஆட்டோபைலட் கழன்றுவிடுகிறது’ என்ற புகாருக்கு முதல் காரணம் இதுதான்.

உதவிப் பட்டியலில் ஆட்டோ ட்ரிம், ஆட்டோ ரடர், தரையிறங்க உதவி, ஏ.ஐ. துணை விமானி எல்லாவற்றையும் அணையுங்கள். ஏர்பஸ் ட்ரிம்மை (மூக்கின் சமநிலையை) தானே பார்த்துக்கொள்கிறது. இரண்டு பேர் ட்ரிம் செய்தால் மூக்கு மேலும் கீழுமாக ஊசலாடும்.

அடுத்தது த்ராட்டில். ஃப்ளைபேட் (விமானியறையில் இருக்கும் டேப்லெட்) அமைப்புகளில் அளவுதிருத்தப் பக்கம் இருக்கிறது. ஐடில், சி.எல். (ஏற்றம்), ஃப்ளெக்ஸ் (குறைத்த புறப்பாட்டு விசை), டோகா (முழு விசை) என ஒவ்வொரு பள்ளத்துக்கும் லீவரை வைத்து, அங்கே காட்டும் எண்ணுக்கு இருபுறமும் கொஞ்சம் இடம் விட்டு எல்லை குறியுங்கள். உங்கள் லீவரில் பள்ளங்களே இல்லை என்றால் சி.எல். எல்லையைத் தாராளமாக வையுங்கள். பயணத்தின் பெரும்பகுதி லீவர் அங்கேதான் கிடக்கும். அச்சு மலிவானதாக இருந்தால் ரிவர்ஸை அதில் வைக்காமல் தனிப் பொத்தானுக்கு விடுவது நல்லது.

லோட்ஷெடிங் (திட்டமிட்ட மின்வெட்டு) 2024 மார்ச்சுக்குப் பிறகு பெரும்பாலும் ஓய்ந்திருக்கிறது. ஆனாலும் ஹைவெல்ட் பக்கம் கோடை மாலையில் இடி இடித்தால் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. 1,500 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்று கணினியைச் சில நிமிடங்கள் தாங்கும். ரூட்டரையும் அதிலேயே செருகுங்கள். நடுவானில் சேமித்த கோப்பை நம்ப வேண்டாம். இவ்வளவு நுணுக்கமான விமானங்கள் சேமித்த நிலைக்கு ஒழுங்காகத் திரும்புவதில்லை.

திட்டமும் எடையும்

சிம்ப்ரீஃப் என்ற பயணத் திட்ட இணையதளத்தில் கிங் ஷாகாவுக்கு எஃப்.ஏ.எல்.இ., ஓ.ஆர். டாம்போவுக்கு எஃப்.ஏ.ஓ.ஆர். என்று கொடுங்கள். பழைய சிமுலேட்டர் வைத்திருப்பவர்களுக்கு எஃப்.ஏ.எல்.இ. கிடைக்காது. கிங் ஷாகா திறந்தது 2010 மே 1-ல்தான். அதற்கு முன் வந்த எஃப்.எஸ்.எக்ஸில் பழைய டர்பன் நிலையமான எஃப்.ஏ.டி.என். மட்டுமே உண்டு. டொங்காட், வெருலம் பக்கத்துக்காரர்களுக்குக் கரும்புத் தோட்டத்து நடுவே இருக்கும் அந்த 3,700 மீட்டர் ஓடுபாதையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வடமேற்கே போவதால் இரட்டைப்படை உயரம் வேண்டும். இந்தத் தூரத்துக்கு எஃப்.எல். 320 (32,000 அடி) போதும்.

எம்.சி.டி.யு.வில் ‘நாட் இன் டேட்டாபேஸ்’ என்று வந்தால் தட்டச்சைக் குறை சொல்லும் முன் ஏராக் என்ற வழித்தடத் தரவுச் சுழற்சியைப் பாருங்கள். 28 நாளுக்கு ஒருமுறை தரவு மாறுகிறது. சிம்ப்ரீஃபில் ஒரு சுழற்சியும் விமானத்தில் வேறொன்றும் இருந்தால் பெயர் மாறிய புறப்பாட்டுப் பாதைகள் கிடைக்காது. ‘டிஸ்கன்டினியுட்டி’ என்ற வெட்டு இருந்தால் சி.எல்.ஆர். அழுத்தி எடுத்துவிடலாம். ஆனால் அதற்கு மேல் வரியில் ‘மேன்யுவல்’ என்றிருந்தால் தொடாதீர்கள். கட்டுப்பாட்டாளர் திசை சொல்லும்வரை நேராகப் போ என்பது அதன் பொருள்.

எடையை ஃப்ளைபேடில் ஏற்றுங்கள். சிமுலேட்டரின் சொந்த எடைப் பட்டியலைத் தொடவே வேண்டாம். பிறகு எம்.சி.டி.யு.வின் இனிட் பி பக்கத்தில் ஸெட்.எஃப்.டபிள்யு.வும் (எரிபொருள் இல்லாத எடை) எரிபொருளும். அங்கே அலகு டன், 5.2 என்று போட வேண்டும், 5200 அல்ல. எஞ்சினைக் கிளப்பிவிட்டால் இனிட் பி மறைந்துபோகும். மறந்தவர்கள் ஃப்யூவல் ப்ரெட் பக்கத்துக்குப் போக வேண்டியதுதான்.

பயணத்தில் ஏற்றத்தையும் இறக்கத்தையும் கழித்தால் சமதளப் பறத்தல் கொஞ்சமே மிஞ்சும். அதனால் ஜொகன்னஸ்பர்க் வருகைப் பாதை, ஐ.எல்.எஸ். (ஓடுபாதைக்கு வழிகாட்டும் ரேடியோ அலை), பெர்ஃப் அப்ரோச் (அணுகுமுறைத் தரவு) பக்கம் எல்லாவற்றையும் டர்பன் கேட்டில் நிற்கும்போதே நிரப்புங்கள்.

அந்தப் பக்கத்தில் ஒரு பொறி இருக்கிறது. மெட்டார் என்ற வானிலை அறிக்கையில் காற்றின் திசை உண்மை வடக்கிலிருந்து அளக்கப்படுகிறது. ஓடுபாதை எண்ணோ காந்த வடக்கைச் சேர்ந்தது. எம்.சி.டி.யு. கேட்பதும் ‘மேக் விண்ட்’தான். ஐரோப்பாவில் இந்த வித்தியாசம் சில பாகைகளுக்குள் அடங்கும், யாரும் கவனிப்பதில்லை. நம் நாட்டிலோ டர்பனில் மேற்கே சுமார் 25 பாகை, ஜொகன்னஸ்பர்க்கில் சுமார் 20. மெட்டாரில் வரும் திசையோடு அதைக் கூட்ட வேண்டும். கிங் ஷாகா ஓடுபாதை 24-ல் மெட்டார் 290 பாகை, 20 நாட் என்றால், கூட்டாமல் பார்த்தால் குறுக்குக் காற்று 15 நாட். கூட்டிப் பார்த்தால் 19.

எஞ்சினும் ஓட்டமும்

திரையில் சிவப்பாக ‘ஏ.டி.டி.’, ‘எச்.டி.ஜி.’ என்று நின்றால் ஏடிர்ஸ் என்ற திசையறி அமைப்பு இன்னும் திசை பிடிக்கவில்லை. சில நிமிடங்கள் ஆகும். அதுவரை விமானத்தை நகர்த்தாதீர்கள். அவசரக்காரர்களுக்கு ஃப்ளைபேடில் வேகமான அலைன்மென்ட் உண்டு.

எஞ்சின் சுழலவில்லை என்றால் ஏ.பி.யு. (வாலில் இருக்கும் துணை எஞ்சின்) ‘அவெய்ல்’ காட்டுகிறதா, அதன் காற்றைத் தரும் ஏ.பி.யு. ப்ளீட் போட்டாயிற்றா என்று பாருங்கள். சுழல்கிறது, ஆனால் பற்றவில்லை என்றால் எரிபொருள் பம்புகளையும், மோட் செலக்டர் ‘இக்னிஷன்’ பக்கம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். உண்மையான லீப் எஞ்சின் பற்றவைக்கும் முன் வெறுமனே சிறிது நேரம் சுழலும். அதை நுணுக்கமாகக் காட்டும் விமானங்களில் பொறுமை இழந்து மாஸ்டரை அணைத்துவிடாதீர்கள்.

புறப்பாட்டில் லீவரை ஃப்ளெக்ஸுக்குத் தள்ளியதும் எஃப்.எம்.ஏ.வில் ‘மேன் ஃப்ளெக்ஸ்’, ‘எஸ்.ஆர்.எஸ்.’ (புறப்பாட்டு வேக வழிகாட்டி) இரண்டும் வர வேண்டும். எஸ்.ஆர்.எஸ். வரவில்லையா? வி2 (புறப்பாட்டுப் பாதுகாப்பு வேகம்) போட மறந்திருப்பீர்கள், அல்லது ஃப்ளாப் இறங்கவில்லை. ‘த்ரஸ்ட் லீவர்ஸ் நாட் செட்’ என்ற எச்சரிக்கை வந்தால் ஃப்ளெக்ஸ் வெப்பநிலை இல்லை. யோசிக்காமல் டோகாவுக்குத் தள்ளுங்கள். சுமார் 1,800 அடியில் ‘எல்.வி.ஆர். சி.எல்.பி.’ மின்னும். லீவரை சி.எல். பள்ளத்துக்கு இழுத்தால்தான் ஆட்டோத்ரஸ்ட் விழிக்கும். மின்னுவது நிற்கவில்லை என்றால் அளவுதிருத்தம் சரியில்லை.

ஏற்றத்தில் சொல்ல அதிகமில்லை. மாற்ற உயரத்தைத் தாண்டியதும் பாரோ குமிழை இழுத்து எஸ்.டி.டி. (நிலையான அழுத்தம்) ஆக்குங்கள், அவ்வளவுதான்.

இறக்கம்: பாதி வேலை இங்கேதான்

இறங்கும் புள்ளி வந்தும் விமானம் அசையாமல் போனால் அது பிழையல்ல. எஃப்.சி.யு.வில் (கண்ணாடிக்குக் கீழே இருக்கும் ஆட்டோபைலட் பலகை) குறைந்த உயரம் வைத்து, குமிழை நீங்கள் உள்ளே தள்ளினால்தான் ஏ320 இறங்கும். தானாக ஒருநாளும் இறங்காது.

எங்கே இறங்கத் தொடங்குவது என்பதைக் கையாலும் கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள். 32,000-இலிருந்து 5,500-ஐக் கழித்தால் 26,500 அடி. ஆயிரம் அடிக்கு 3 மைல் என்று 80. வேகம் குறைக்க 10. ஆக 90 மைலுக்கு முன். எம்.சி.டி.யு. இதிலிருந்து வெகுவாக விலகினால் திட்டத்தில் எங்கோ வெட்டு இருக்கிறது, அல்லது யாரோ ஓர் உயரக் கட்டுப்பாட்டை அழித்திருக்கிறார்கள்.

நிர்வகிக்கப்பட்ட இறக்கத்தில் விமானம் 10,000 அடியில் 250 நாட்டுக்கு வரும். கடல்மட்ட நிலையங்களில் அதற்குப் பிறகும் 30 மைல் கையில் இருக்கும். ஓ.ஆர். டாம்போவிலோ 10,000 அடி என்பது தரையிலிருந்து 4,450 அடிதான், 3 பாகைச் சரிவில் 14 மைல். அதற்குள் 250-ஐ 140-க்குக் கொண்டுவந்து சக்கரத்தையும் இறக்க வேண்டும். வேகமாக, உயரமாக வந்து முட்டுவதன் காரணம் இதுதான். வேகக் குமிழை இழுத்து, 12,000–13,000 அடியிலேயே 250 வையுங்கள்.

ஆல்டிமீட்டர் 8,000 காட்டும்போது ‘இன்னும் உயரம்’ என்று தோன்றும். தரையிலிருந்து அது 2,500 அடியே. பழக்கதோஷத்தில் எஃப்.சி.யு.வில் 3,000 திருப்பிவிட்டால் தரை எச்சரிக்கை அலறும். அழுத்தக் கட்டுப்பாட்டில் ‘லேண்டிங் எலிவேஷன்’ குமிழ் ஆட்டோவில் இருக்கட்டும். 737 ஓட்டுபவர்கள் ஓவர்ஹெட்டில் 5,550 என்று கையால் வைக்க வேண்டும்.

கட்டுப்பாட்டாளர் திசை சொல்லி, நீங்கள் எச்.டி.ஜி. (திசை) முறையில் பறக்கும்போது டீசெல் என்ற வேகம் குறைக்கும் புள்ளியைத் தாண்டினாலும் அணுகுமுறைக் கட்டம் தானாகத் தொடங்காது. வேக இலக்கு 250-லேயே நிற்கும். பெர்ஃப் பக்கத்தில் ‘ஆக்டிவேட் அப்ரோச் ஃபேஸ்’ஸை இரண்டு முறை அழுத்துங்கள். எல்.எஸ். பொத்தானையும் அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் ஐ.எல்.எஸ். வேலை செய்துகொண்டே இருக்கும், ஆனால் வைரக் குறிகள் திரையில் தெரியாது. பிறகு ஏ.பி.பி.ஆர். (அணுகுமுறைப் பொத்தான்).

சரிவுப் பாதைக்கு மேலே மாட்டிக்கொண்டால், ஐ.எல்.எஸ்.ஸின் திசைக் கற்றையான லோக்கலைசரைப் பிடித்த பிறகு எஃப்.சி.யு. உயரத்தை இப்போது இருப்பதைவிட மேலே வையுங்கள்; வி/எஸ் (இறங்கும் வேகம்) −1,500 கொடுங்கள். உயரத்தை மேலே வைக்காவிட்டால் பாதி வழியில் ‘ஏ.எல்.டி.’ பிடித்துச் சமமாகிவிடும். ஃப்ளாப் வரம்புகள் 1-க்கு 230, 2-க்கு 200, 3-க்கு 185, முழுமைக்கு 177. இவை காட்டும் வேகம் என்பதால் உயரத்தால் மாறாது.

மாறுவது தரைவேகம். 28 டிகிரி வெயிலில் ஓ.ஆர். டாம்போ காற்றின் அடர்த்தி 8,400 அடி உயரத்துக்குச் சமம். 140 நாட் காட்டும்போது உண்மையில் ஓடுவது சுமார் 159. தரைவேகத்தை 5-ஆல் பெருக்கினால் இறங்கும் வேகம் கிடைக்கும். டர்பனில் நிமிடத்துக்கு 700 அடி என்றால் இங்கே 800. ஃப்ளேரை (தரைக்கு அருகே மூக்கை உயர்த்துவது) சற்று முன்னதாகத் தொடங்குங்கள். ‘ரிடார்ட்’ என்றதும் லீவர் ஐடிலுக்கு வர வேண்டும். வராவிட்டால் ஆட்டோத்ரஸ்ட் வேகத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுபாதை முழுக்க மிதக்கவைக்கும்.

இறக்கை மேல் எழும் தடுப்புகளான ஸ்பாய்லரை ஆர்ம் செய்ய மறந்தால் ரிவர்ஸ் இழுக்கும்வரை ஸ்பாய்லர் எழாது. ஸ்பாய்லர் எழாமல் ஆட்டோபிரேக்கும் பிடிக்காது. ‘ஆட்டோபிரேக் கெட்டுவிட்டது’ என்பவர்கள் இதைப் பாருங்கள். ஓ.ஆர். டாம்போ ஓடுபாதை 03 லெஃப்ட் 4,421 மீட்டர் நீளம், லோ போதும். 03 ரைட் 3,405 மீட்டர். அதற்கும் லோ போதும், ஆனால் மிதந்து தள்ளி இறங்கினால் மீடியம்.

அதே விமானத்தில் உடனே டர்பன் திரும்புவதாக இருந்தால் வீல் பக்கத்தைத் திறந்து பிரேக் வெப்பத்தைப் பாருங்கள். வேகமாக இறங்கியதால் இங்கே அதிகம் ஏறியிருக்கும். 300 டிகிரிக்குக் கீழே வரும்வரை கிளம்பக் கூடாது. புறப்பாட்டுப் பக்கத்தில் த்ரஸ்ட் குறைப்பு உயரம் 7,058-ஐ ஒட்டி இருக்க வேண்டும். டர்பனில் போட்ட 1,800 அப்படியே கிடந்தால் மாற்றுங்கள். வி வேகங்களையும் ஃப்ளெக்ஸையும் அன்றைய வெப்பத்துக்குப் புதிதாகக் கணக்கிடுங்கள்; டயரின் வரம்பு 195 நாட் தரைவேகம், வெயில் நேரத்தில் முழு எடையோடு கிளம்பினால் அதை நெருங்கிவிடுவீர்கள்.