கொத்தே-எ: சுண்ணாம்புல ஒரு அலை முயல், முதல் தடவை செய்றவங்களுக்கு

ஜப்பான்ல பழைய ஊர்ப்பக்கம் எடுத்த போட்டோ எதையாவது பாத்தீங்கன்னா தெரியும், வெள்ளை வெளேர்னு தடிச்ச சுவரோட ஒரு கிடங்கு நிக்கும், அதோட முக்கோண நெத்தியில, கூரைக்குக் கொஞ்சம் கீழ, ஒரு ட்ராகனோ ஆமையோ முயலோ சுவர்லேந்து எட்டிப் பாக்குற மாதிரி புடைச்சுக்கிட்டு இருக்கும். அதுக்குப் பேரு கொத்தே-எ. கொத்தேன்னா பூச்சுக் கரண்டி, எ-ன்னா படம். நம்ம கொத்தனாருக்கும் இந்த கொத்தேக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, ஆனா ஞாபகம் வெச்சுக்க ரொம்ப வசதி.

இன்னைக்கு ஒரு அடி சதுரத்துல ஒரு குட்டி கொத்தே-எ பண்ணப் போறோம். அலை மேல ஓடுற முயல். ஏன் முயல்னு ஸ்டெப் 1-லயே சொல்லிடுறேன், ஏன்னா எந்த விலங்குன்னு முடிவு பண்ணாம சாந்து குழைக்க உக்காந்தா என்ன ஆகும்னு எனக்கு நல்லா தெரியும். என்னோட முதல் முயற்சி ட்ராகன். நாலாவது நாள் காலைல பாக்குறேன், தாடை தனியா தரையில கெடக்கு.

ஸ்டெப் 1: விலங்க முடிவு பண்ணுங்க

அந்தக் கிடங்குகள் கட்டினதே தீக்குப் பயந்துதான். எடோ நகரம், அதாவது இன்னைக்கு டோக்கியோ, முழுக்க மரமும் காகிதமும். 1657-ல வந்த பெரிய தீயில ஊர்ல பெரும்பகுதி போச்சு. காசு இருந்தவங்க மண்ணைத் தடியா அப்பி மேல சுண்ணாம்பு பூசின கிடங்குல பொருளைப் பத்திரப்படுத்துனாங்க. அதனால அந்த நெத்தியில வர்ற விலங்கு சும்மா அழகுக்கு இல்ல, அதுக்கு ஒரு வேலை இருக்கு. ட்ராகன்னா தண்ணிக்கு அதிபதி, மழை கொண்டு வரும், தீயை அண்ட விடாது. சில இடத்துல விலங்கே இருக்காது, தண்ணிங்கிற எழுத்த மட்டும் பெருசா புடைச்சு வெச்சிருப்பாங்க. நோக்கம் ஒண்ணுதான்.

முயலும் அதே தீயணைப்புப் படைதான். நோ-ங்கிற ஜப்பானோட பழைய முகமூடி நாடக வகையில சிகுபுஷிமான்னு ஒரு நாடகம் இருக்கு, பிவா ஏரியில நடக்குற கதை, அதுல நிலா தண்ணியில விழுந்தா நிலாவுல இருக்குற முயலும் அலை மேல ஓடுதுன்னு ஒரு கற்பனை வரும். அதுலேந்து அலையும் முயலும் ஜோடியாயிடுச்சு. அலை இருந்தா தண்ணி இருக்கு, தண்ணி இருந்தா தீ வராது. நிலாவுல முயல் தெரியுதுன்னு நம்மூர்லயும் சொல்வோமே, அதனால இத புரிஞ்சுக்க நமக்கு கஷ்டமே இல்ல.

மத்த விலங்குக்கெல்லாம் வேற டிபார்ட்மென்ட். கொக்கு ஆயிரம் வருஷம், ஆமை பத்தாயிரம் வருஷம்னு ஜப்பான்ல சொல்வாங்க, ரெண்டும் ஆயுசுக்கு. கொத்தே-எ ஆமைக்குப் பின்னாடி நரி வால் மாதிரி ஒண்ணு நீளமா தொங்கும், மொதல்ல பாத்தப்ப இவங்களுக்கு ஆமையே தெரியாது போலன்னு நெனச்சேன், அப்புறம்தான் தெரிஞ்சுது அது வாலே இல்ல, ரொம்ப வருஷம் வாழ்ந்ததால ஓட்டுல வளர்ந்த பாசி. அருவியில எதிர்த்து ஏறுற கெண்டை மீன் மேல போனதும் ட்ராகன் ஆயிடும்னு சீனாவுலேந்து வந்த கதை, அது முன்னேற்றத்துக்கு. புலிக்கு மூங்கில், சிங்கத்துக்கு பியோனிப் பூ, இந்த ஜோடிய மாத்தாதீங்க. புலி ஜப்பான்ல கிடையவே கிடையாது, தோலையும் வீட்டுப் பூனையையும் பாத்துதான் வரைஞ்சாங்க, அதான் பழைய புலி முகமெல்லாம் கொஞ்சம் பால் கேக்குற மாதிரி இருக்கும்.

நமக்கு முயல் ஏன் சரின்னா, ஒண்ணு அது வெள்ளை, சுண்ணாம்பும் வெள்ளை, பாதி கலர் வேலை மிச்சம். ரெண்டு, உடம்பு உருண்டை, மெல்லிசா நீட்டிக்கிட்டு இருக்குறது காது மட்டும்தான். ட்ராகனுக்கு மீசை, கொம்பு, நகம், செதில்... வேணாம்.

ஸ்டெப் 2: பொருள்

அங்க இதுக்கான பூச்சுக்கு ஷிக்குயின்னு பேரு. நீத்த சுண்ணாம்பு (சுட்ட சுண்ணாம்புக் கல்லுல தண்ணி சேத்துப் பொடியாக்கினது), சணல் வகை நார், கடல்பாசி காய்ச்சின பசை, அவ்ளோதான். நார் எதுக்குன்னா வெடிக்காம இழுத்துப் பிடிக்க. பசை ஒட்டுறதுக்குன்னு நெனப்பீங்க, அதோட பெரிய வேலை தண்ணிய சட்டுன்னு விடாம வெச்சுக்கிறது, அது இருந்தாதான் கரண்டி வெண்ணெய் மேல போற மாதிரி போகும், உருவம் பண்ண நேரமும் கிடைக்கும். நம்மூர் சுதைச் சிற்பத்துல கடுக்காயும் வெல்லமும் போடுறாங்களே, அந்த மாதிரி அவங்க கடல்ல கெடச்சத போட்டாங்க.

நான் போடுற அளவு: நீத்த சுண்ணாம்புத் தூள் 1 கிலோ, 2 செ.மீ. நீளத்துக்கு வெட்டி நல்லா பிரிச்ச சணல் நார் 30 கிராம். பசைக்கு அந்தப் பாசி கிடைக்கலன்னா வால்பேப்பர் ஒட்டுற மெத்தில் செல்லுலோஸ் தூள் ரெண்டு ஸ்பூன், தண்ணியில கரைச்சு வெச்சுக்கோங்க, ஜப்பான்லயே ரெடிமேட் மூட்டையில இந்த மாதிரிப் பசை வருது. சலிச்ச மணல், குழைச்ச சாந்துல பாதி அளவு. பின்பக்கம் சொரசொரப்பா இருக்குற சுட்ட மண் தட்டு ஓடு ஒண்ணு, ஒரு அடி சதுரம்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வேணாம், கால் மணி நேரத்துல கல்லாயிடும், நீங்க காதே ஆரம்பிச்சிருக்க மாட்டீங்க. சிமென்ட் பட்டியும் வேணாம். சுட்ட சுண்ணாம்புக் கல்ல வாங்கி வீட்ல தண்ணி ஊத்தி நீத்துற வேலை கண்டிப்பா வேணாம், கொதிச்சுத் தெறிக்கும். நீத்த சுண்ணாம்பே கையை அரிக்கும், க்ளவுஸும் கண்ணாடியும் போட்டுக்கிட்டுதான் தொடணும்.

சுண்ணாம்ப தண்ணியில குழைச்சு ரெண்டு மூணு நாள் மூடி வைங்க. வேலை பண்ற அன்னைக்கு நாரும் பசையும் சேத்து அடிங்க. தோசை மாவு பதம் இல்ல, இட்லி மாவும் இல்ல, கரண்டியக் கவுத்தா விழாம தொங்கணும்.

ஸ்டெப் 3: அடிப்பூச்சு

தட்டோட்ட பக்கெட் தண்ணியில ஊற வைங்க, குமிழி நிக்கிற வரைக்கும். காஞ்ச ஓட்டுல பூசினா அது சாந்துல இருக்குற தண்ணிய உறிஞ்சிடும், பூச்சு அப்பளமா கழண்டு வரும். சாந்துல பாதியை தனியா எடுத்து அதே அளவு மணல் சேத்து 5 மி.மீ. பூசுங்க. இறுகறதுக்கு முன்னாடி ஃபோர்க்கால குறுக்கும் நெடுக்கும் கீறி விடுங்க. ஒரு நாள் விடுங்க.

அந்த ஒரு நாள்ல படத்த வரைஞ்சுக்கலாம். முயல் பக்கவாட்டுல, நாலு காலும் காத்துல, காது ரெண்டும் பின்னாடி படுத்து. அலையோட நுனி விரல் மடக்கின மாதிரி. காகிதத்துல வரைஞ்சு கோட்டு மேல ஊசியால குத்தி, அடிப்பூச்சு மேல வெச்சு கரித்தூள் தட்டினா கோடு இறங்கிடும்.

ஸ்டெப் 4: உருவம் ஏத்துறது

இங்கதான் எல்லாரும் அவசரப்படுறாங்க, நானும்தான். சுண்ணாம்பு காயும்போது சுருங்கும், ஒரே தடவைல 3 செ.மீ. அப்புனா வெளிய காஞ்சு உள்ள ஈரமா நின்னு விரிசல் விடும், என் ட்ராகன் தாடை கதை அதுதான். ஒரு தடவைக்கு 3, 4 மி.மீ.க்கு மேல வேணாம். உள்பக்கம் மணல் சாந்து, அழுத்தினா விரல் பதியுது ஆனா ஒட்டலங்கிற நெலைமையில அடுத்த அடுக்கு, கடைசி ரெண்டு அடுக்கு மட்டும் மணல் இல்லாத வெள்ளைச் சாந்து. முயல் வயிறு 2 செ.மீ. உசரம் வந்தா போதும், அஞ்சாறு அடுக்கு, மூணு நாலு நாள் ஆகும்.

காதுக்கு எலும்பு வேணும். துருப்பிடிக்காத கம்பி ரெண்டு துண்ட அடிப்பூச்சுல சாய்வா செருகி சணல் நூல நெருக்கமா சுத்துங்க, நூல நனைச்சுட்டு அது மேல சாந்து. பெரிய கொத்தே-எக்கும் இதே மாதிரிதான் ஆணியும் கயிறும் உள்ள ஒளிஞ்சிருக்கும்.

கருவின்னு பாத்தா அங்க விரல் நகம் அளவு கரண்டியெல்லாம் இருக்கு. நமக்கு ஆயில் பெயின்ட் கலக்குற கத்தி, வெண்ணெய்க் கத்தி, காது குடையுற குச்சி. அலை நுனிய மட்டும் பொறுமையா பண்ணுங்க: சாந்து ஒரு பட்டாணி அளவு எடுத்து வெச்சு, கத்தி முனைய உள்பக்கமா உருட்டி இழுத்தா அதுவே சுருண்டுக்கும். கண்ணு கடைசியா, ஒரு குழி, அதுக்குள்ள ஒரு கடுகு. கடுகு அளவு சாந்தத்தான் சொல்றேன்.

எவ்வளவு தூரம் போகலாம்னு பாக்கணும்னா இரியே சோஹாச்சி பேரத் தேடுங்க. 1815-ல இசு தீபகற்பத்துல மாட்சுசாகியில பொறந்த பூச்சு வேலைக்காரர், எடோவுக்குப் போய் கானோங்கிற பழைய ஜப்பானிய பாணி ஓவியமும் கத்துக்கிட்டு வந்தவர், 1889-ல காலமானார். அந்த ஊர்ல 1880-ல கட்டின இவாஷினா பள்ளிக்கூடத்துல ஒரு ரூம் சுவரோட மேல்பக்கம் சுத்தி 138 கொக்கு பறக்கும், எல்லாம் அவர் கைவேலை, ஒவ்வொண்ணும் வேற வேற மாதிரி றெக்கை விரிச்சிருக்கும். அவருக்குன்னே அங்க இருக்குற மியூசியத்துல பூதக்கண்ணாடி கையில குடுத்துதான் பாக்கச் சொல்றாங்க. ரோட்ல நடந்துக்கிட்டே பாக்கணும்னா க்யூஷு தீவுல ஓய்தா பக்கம் இருக்குற அஜிமுங்கிற ஊருக்குப் போங்க, அங்க வீட்டுச் சுவர்லயும் ஷட்டர் பலகை வைக்கிற பெட்டி மேலயும் நெறைய இருக்கு. வேலை நல்லபடியா முடிஞ்சா வீட்டுக்காரருக்கு நன்றியா பூச்சுக்காரரே பண்ணிக் குடுத்ததும் உண்டாம்.

ஸ்டெப் 5: கலர், காய வைக்கிறது

முயல அப்படியே விட்ருங்க. பின்னணிக்கு மட்டும் கலர், அதுவும் கடைசிப் பூச்சு ஈரமா இருக்கும்போதே, அப்பதான் சுண்ணாம்பு கலரையும் சேத்துப் பிடிச்சுக்கும். வெள்ளையடிக்கும்போது கலக்குற நீலப் பவுடர்ல கொஞ்சம் வெளக்குப் புகைக்கரி சேத்தா ராத்திரி வானக் கலர் வரும். சிவப்புக்கு காவி. துணிக்குப் போடுற லிக்விட் நீலம் போடாதீங்க, சுண்ணாம்பு அத தின்னுடும்.

நெழல்ல, காத்து நேரா அடிக்காத இடத்துல வைங்க, ஒரு வாரம் ஈரத்துணிய மேல படாம கூடாரம் மாதிரி கட்டி விடுங்க. சுண்ணாம்பு காயுறதுல மட்டும் கெட்டியாகாது, காத்துல இருக்குற கார்பன் டை ஆக்சைட மெதுவா இழுத்து திரும்பக் கல்லாகுது, அதுக்கு மாசக்கணக்கு ஆகும். மழை படுற இடத்துல மாட்டாதீங்க, ஒரிஜினலே கூரை இறவாரத்துக்குக் கீழ ஒதுங்கித்தான் இருக்கும்.

நாரும் பசையும் சேக்காத சுண்ணாம்பு மிச்சம் இருந்தா மேல ரெண்டு விரல் தண்ணி நிக்கிற மாதிரி டப்பாவுல மூடி வைங்க, கெடாது, வெக்க வெக்க வழுவழுன்னு ஆகும். அடுத்து ஆமை பண்ணும்போது அந்தப் பாசி வாலுக்கு அதுதான் நல்லா வரும்.