‘எகனாமிக்கலி’யைத் தமிழில் எழுதுவது எப்படி?

சொட்டுநீர்ப் பாசனம் பற்றிய ஒரு துண்டறிக்கையை மொழிபெயர்த்து அப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். ‘எகனாமிக்கலி வயபிள்’ என்பதற்கு நான் போட்டிருந்த ‘பொருளாதார ரீதியாகச் சாத்தியமானது’ என்ற இடத்தில் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கட்டுப்படியாகும்னு சொல்ல வர்றியா?” என்றார். அரைமணி நேரம் அகராதி புரட்டியும் என் கையில் சிக்காத சொல்!

படி 1: பக்கத்தில் இருக்கும் வினையைப் பாருங்கள். ஆங்கிலத்தில் ‘எகனாமிக்’ என்றால் பொருளாதாரம் சார்ந்தது, ‘எகனாமிக்கல்’ என்றால் சிக்கனமானது. வினையடையாகும்போது இரண்டும் ‘எகனாமிக்கலி’ ஆகிவிடும். செலவழிப்பது, பயன்படுத்துவது, சமைப்பது என்று வந்தால் ‘சிக்கனமாக’. தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள். (அந்த ‘ப்’ முக்கியம்.)

படி 2: நாடு, சமூகம், பிரிவு என்று வந்தால் ‘பொருளாதாரத்தில்’. 2019இல் 103ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 10 சதவீத இடஒதுக்கீட்டுக்கு வழி செய்தது பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு. ‘சிக்கனமாக நலிந்த’ என்று போட்டுவிடாதீர்கள். ‘ரீதியாக’ வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி, ‘இல்’ போதும்.

படி 3: நான் வழுக்கிய இடம். ‘எகனாமிக்கலி வயபிள்’ என்று வந்தால் வினையடையைத் தேடாதீர்கள். தமிழில் அந்தப் பொருள் முழுக்க ‘கட்டுப்படியாகும்’ என்ற வினைக்குள்ளேயே இருக்கிறது. ‘ரெண்டு மாட்டுக்கு ஆள் வெச்சா கட்டுப்படியாகாது’ என்று ஊரில் சொல்வார்கள். போட்ட பணத்துக்கும் வரும் பணத்துக்கும் சரியாகுமா என்பதுதான் கேள்வி. யாருக்கு என்பதற்கு ‘கு’ உருபு: விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலை. சொல் கிடைத்த மகிழ்ச்சியில் நான் அடுத்த பத்தியில் ‘உரத்தைக் கட்டுப்படியாகப் பயன்படுத்தலாம்’ என்று எழுதி, அப்பாவிடம் மறுபடி மாட்டிக்கொண்டேன். அங்கே ‘சிக்கனமாக’தான்.

படி 4: ஒருவர் ‘எகனாமிக்கலி’ எழுதுகிறார் என்றால் சொற்செட்டோடு, அதாவது சொற்களை வீணாக்காமல், எழுதுகிறார். அவ்வளவுதான்.

கருவி என்று கேட்டால், ஆங்கிலம்-தமிழ் அகராதியைவிட நல்ல தமிழ்-தமிழ் அகராதியைத்தான் சொல்வேன். இயந்திர மொழிபெயர்ப்பு தந்ததை வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு எங்கே தடுக்குகிறதோ அங்கே பென்சில் வையுங்கள்.

பிற்சேர்க்கை: ‘மலிவாக’ என்று எழுதலாமா என்று ஒரு தோழி கேட்டாள். ‘மலிவு’ என்பது விலையைப் பற்றியது, ‘சிக்கனம்’ என்பது ஆளைப் பற்றியது. மலிவாக வாங்கிய அரிசியையும் ஊதாரித்தனமாக வடித்துக் கொட்டலாம். ‘கஞ்சத்தனமாக’ என்றால் அது திட்டு. அப்புறம் என் அம்மாவின் சொல் ஒன்று உண்டு: ‘செட்டாக’. மருமகள் செட்டாகக் குடித்தனம் செய்கிறாள் என்றால் பாராட்டு. அலுவலக அறிக்கையில் போட்டால் வெட்டிவிடுவார்கள். சமையல் குறிப்பில் தாராளமாகப் போடலாம்.